மைனா, காக்கை, பெர்லிங்: சுங்கை பக்காப் தோட்டத்தில் பறவைத் தொல்லை, வழி சொல்லுங்கள்

ஒன்றரைஏக்கர்

வணக்கம். பினாங்கு மாநிலத்துச் சுங்கை பக்காப்பிலிருந்து உள்ளே தள்ளி, அப்பா வாங்கிப் போட்ட ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அவர் இருந்தவரை ரம்புத்தானும் வாழையும்தான். நான் வேலையை விட்டு வந்தபிறகு கொய்யாவும் பப்பாளியும் வைத்தேன். நாட்டுக்கோழியும் வளர்க்கிறேன். மூன்று பக்கமும் செம்பனை, முன்னால் சாலை, சாலைக்கு எதிரே ஓர் ஒட்டுக்கடை.

இப்போது பறவைகளோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருக்கிறது. கொய்யா வெளுக்க ஆரம்பித்த அன்றே கொத்து விழுகிறது. பப்பாளிக்குப் பளபளவென்று கறுத்த, கண் மட்டும் ரத்தச் சிவப்பான பறவைக் கூட்டம் வருகிறது. மலாய்க்காரர்கள் பெர்லிங் என்பார்களே, அதுதான். பழத்தில் ஓட்டை போட்டுத் தலையையே உள்ளே விட்டுத் தின்கிறது. கோழித் தீனியில் பாதி மைனாவுக்குப் போகிறது. கோழிக்குஞ்சுகள் ஒன்றிரண்டாகக் குறைகின்றன, முட்டையும் காணாமல் போகிறது. காக்கை என்று சந்தேகம். கூரை இடுக்கில் மைனா கூடு கட்டி, எச்சமெல்லாம் தகரத்தில் வழிந்து மழைநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறது.

சிடி கட்டித் தொங்கவிட்டாயிற்று, பொம்மை வைத்தாயிற்று. பொம்மையின் தோளிலேயே மைனா உட்கார்ந்து கத்துகிறது. ஷாப்பியில் ஓர் அல்ட்ராசோனிக் கருவி பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? கொல்லுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

நாட்டுக்கோழி

கருவி வேண்டாம். அல்ட்ராசோனிக் என்றால் மனிதக் காதுக்கு எட்டாத உச்ச சத்தம். பறவையின் காது அந்த விஷயத்தில் நம்மைவிட மேல் கிடையாது. நமக்குக் கேட்காதது அதற்கும் கேட்காது. நாய்க்கும் வௌவாலுக்கும்தான் கேட்கும். வீட்டில் நாய் இருந்தால் அதற்குத்தான் தொந்தரவு.

கோழி விஷயம் பிறகு விரிவாக எழுதுகிறேன். இப்போது கடைக்குக் கிளம்ப வேண்டும்.

வால்டோர்காரன்

தம்பி, எது தின்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நம் ஊரில் எல்லாப் பழியும் பறவை தலையில்தான் விழுகிறது.

அடிபட்ட கொய்யாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். பறவை கொத்தியது என்றால் குழி கூம்பாக இருக்கும், தோல் ஓரம் பிசிறு பிசிறாகக் கிழிந்திருக்கும், பக்கத்திலேயே ருசி பார்த்த சின்னச் சின்னப் புள்ளிகளும் இருக்கும். அணில் என்றால் சதையில் இரட்டைப் பல் கோடு வரிவரியாகத் தெரியும். வௌவால் என்றால் மரத்தடியைப் பாருங்கள்: சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைச் சின்ன உருண்டையாகத் துப்பிப் போட்டிருக்கும், காய்ந்தால் பழுப்பாகிவிடும். சாயங்காலம் இருட்டும்போது ஒரு சுற்று, விடியும்போது ஒரு சுற்று வாருங்கள். இரவில் அடிபட்டதற்கு மைனாவைத் திட்டிப் பயனில்லை.

முட்டைக்கும் இதே கதைதான். ஓட்டில் ஓட்டை போட்டு அங்கேயே கிடந்தால் காக்கையாக இருக்கலாம். ஓடே இல்லாமல் முழுசாகக் காணோம் என்றால் பியாவாக், அதாவது உடும்பு, இல்லாவிட்டால் பாம்பு. செம்பனை சுற்றியிருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு இருக்கும். குஞ்சு பகலில் போகிறதா இரவில் போகிறதா, அதையும் கவனியுங்கள்.

இன்னொன்று. எதிரே ஒட்டுக்கடை என்றீர்களே, அந்தக் கடைக்காரர் மீன் கழுவிய தண்ணீரையும் மிச்சச் சோற்றையும் எங்கே கொட்டுகிறார்? காக்கை உங்களைத் தேடி வந்திருக்காது. அங்கே வந்தது இங்கே எட்டிப் பார்க்கிறது.

லாஸ்திக்மன்னன்

இதற்கெல்லாம் இவ்வளவு ஆராய்ச்சியா? ஓர் ஏர்கன் வாங்கி நாலு காக்கையைச் சுட்டால் மிச்சம் ஓடிவிடும். இல்லையென்றால் பெருநாளுக்குப் பையன்கள் போடுகிறார்களே கார்பைட் பீரங்கி, அதைக் காலையில் இரண்டு முறை போடுங்கள்.

தீம்பார்பேரன்

அண்ணே, நீங்கள் சொல்லிக் கொடுப்பது ஜெயிலுக்கு வழி. நம் நாட்டில் ஏர்கன்னும் ஆயுதம்தான், 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். கார்பைட் பீரங்கி 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தில் மாட்டும். ஒவ்வொரு நோன்பு மாதமும் போலீஸ் எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறது. விரல் போனவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பறவைகளுக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716 இருக்கிறது. அதைப் பார்ப்பது பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்கு இலாகா. எந்தப் பறவை எந்தப் பட்டியலில் வருகிறது என்பது முக்கியம். கருடன் குஞ்சைத் தூக்கிப் போனாலும் கருடன்மேல் கை வைக்க முடியாது. பிடிப்பதோ சுடுவதோ என்ற எண்ணம் வந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள், பிறகு செய்யுங்கள். விஷம் கலந்த சோறு வைப்பது அறவே வேண்டாம். செத்த காக்கையைத் தின்னும் நாயும் போகும், பக்கத்து வீட்டுப் பூனையும் போகும்.

சுட்டால் ஓடிவிடும் என்பதும் சரியில்லை. கிள்ளான் பக்கம் நகராட்சியே உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களை வைத்துப் பலமுறை சுட்டது. குப்பை இருக்கும்வரை அது திரும்ப வரும்.

கிள்ளான் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கழுத்து சாம்பல் நிறமாக இருக்கும் இந்த வீட்டுக் காக்கை இந்த மண்ணுக்கு உரியதே இல்லை. 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி விலை விழுந்து தோட்டமெல்லாம் ரப்பராக மாறியது, புழுவும் போனது, காக்கை மட்டும் தங்கிவிட்டது. நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்ததும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். அதனால் எனக்கு அதன்மேல் முழுசாகக் கோபம் வருவதில்லை.

செந்தூல்மாடி

கோலாலம்பூரில் பதினோராவது மாடியில் இருக்கிறேன். காக்கை வந்தால் பின்னாலேயே குயிலும் வரும், காக்கைக் கூட்டில் முட்டை வைக்க. எங்கள் அடுக்ககத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே கூவ ஆரம்பித்துவிடுகிறது. குயில் பாட்டு இனிமை என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். எழுதியவர் தூங்கி எழுந்து கேட்டிருப்பார்.

ஒன்றரைஏக்கர்

வால்டோர் அண்ணே சொன்னபடி சுற்றிப் பார்த்தேன். கொய்யாவில் பெரும்பாலும் கொத்துதான், பிசிறு ஓரம். ஆனால் வேலியோரத்து இரண்டு மரங்களுக்கு அடியில் சக்கை உருண்டை கிடக்கிறது. முட்டை ஓடு எங்கேயும் இல்லை. குஞ்சு போவது பகலில். ஒட்டுக்கடையின் குப்பைத் தொட்டிக்கு மூடி கிடையாது, காக்கை வரிசையாக உட்கார்ந்திருக்கிறது.

பினாங்குப்பையன்

வீட்டில் காக்கைக்குச் சோறு வைக்கிறீர்களா? கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தினமும் வைப்பார்கள், தெரு முழுக்க எச்சம்.

ஒன்றரைஏக்கர்

அம்மா வைப்பார். தினமும், சமைத்ததும் முதல் கவளம். கோழிக்கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில்.

பினாங்குப்பையன்

அதான் பாருங்கள். ஒரு பக்கம் விருந்து வைத்துவிட்டு இன்னொரு பக்கம் விரட்டினால் எப்படி?

படையல்

இதைத்தான் யாராவது சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிடி சோற்றுக்கா இவ்வளவு பேச்சு? எதிரே வாளி வாளியாகக் கொட்டிக் கிடக்கிறது, அதைக் கேட்க ஆள் இல்லை. வயதான அம்மாவிடம் போய் பித்ருக்களுக்குச் சோறு வைக்காதே என்று சொல்ல வேண்டுமா? அமாவாசைக்கு வைக்காமல் நான் ஒரு வாய் சாப்பிட மாட்டேன்.

பினாங்குப்பையன்

அமாவாசைக்கு வைப்பதை யார் வேண்டாம் என்றது? தினமும் வைப்பதைத்தான் சொல்கிறேன். காக்கைக்கு நேரம் தெரியும். சோறு வரும் நேரத்துக்கு அரைமணி முன்பே வந்து காத்திருக்கும், காத்திருக்கும்போது கண் சும்மா இருக்குமா, கீழே குஞ்சு ஓடுகிறது.

நெறியாளர்

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். கேட்டவருக்கு வழி சொல்லுங்கள், சாமி விவகாரத்துக்கு வேறு பகுதி இருக்கிறது.

படையல்

சரி, வழியே சொல்கிறேன். தம்பி, அம்மாவிடம் நிறுத்தச் சொல்லாதீர்கள், இடத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கோழிப் பக்கம் வேண்டாம், வீட்டுக்கு மறுபக்கம். சுவரில் அப்பிவைக்காமல் வாழையிலைத் துண்டில் ஒரு கவளம். கூப்பிட்டு, அது தின்றதும் இலையை எடுத்துவிடுங்கள், மிச்சம் கிடக்கக் கூடாது. எங்கள் அம்மா அப்படித்தான் செய்வார். இலையைக் காயப் போட்டுவைத்தால் எறும்பும் எலியும்தான் வரும், அதில் புண்ணியம் ஒன்றுமில்லை.

பினாங்குப்பையன்

இதை ஒப்புக்கொள்கிறேன் அம்மா.

நாட்டுக்கோழி

கோழிக்கு வருகிறேன்.

ஓடு இல்லாமல் முட்டை போகிறது என்றால் பியாவாக்கை நினையுங்கள். பகலில் திரியும், சாக்கடை வழியாக வரும். கூண்டு வலையின் அடிப்பகுதியை ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கம்பி மெல்லியது, துருப்பிடித்தால் கையாலேயே கிழியும். கீழ்ப்பகுதிக்காவது அரை அங்குலச் சதுரக் கம்பிவலை போடுங்கள்.

குஞ்சைப் பகலில் தூக்குவது காக்கையாகவும் இருக்கலாம், பருந்தாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான்: முதல் ஒரு மாதம் தாயையும் குஞ்சையும் திறந்து விடாதீர்கள். ஊரில் பஞ்சாரம் போட்டுக் கவிழ்ப்பார்களே, அந்த வேலைதான். இங்கே கம்பிக்கூண்டு. குஞ்சு புறா அளவு ஆனபிறகு காக்கை துணியாது.

மேயும் இடத்துக்கு மேலே தூண்டில் நைலான் நரம்பை ஒரு முழத்துக்கு ஒன்றாக இழுத்துக் கட்டுங்கள், ஆள் தலைக்கு மேல் உயரத்தில். காக்கைக்கு அது சரியாகத் தெரியாது, இறங்கும்போது இறக்கையில் பட்டால் மறுபடி இறங்க யோசிக்கும். தொய்வாகக் கட்டினால் சிக்கிக்கொள்ளும், விறைப்பாக இருக்க வேண்டும்.

தீனி. மைனா வருவது உங்கள் கோழிமேல் ஆசைப்பட்டு இல்லை, நாள் முழுக்கத் தட்டில் கிடக்கும் தீனிக்கு. காலையும் சாயங்காலமும் மட்டும் போடுங்கள், கால் மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவு. முடிந்ததும் தட்டை எடுத்துக் கவிழ்த்துவிடுங்கள். கோழி ஏறி மிதித்தால் மூடி திறக்கும் பெட்டியும் கிடைக்கிறது, மைனாவின் கனத்துக்குத் திறக்காது. பழக ஒரு வாரம் ஆகும், அதுவரை மூடியைக் கல் வைத்துத் திறந்தே வையுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், செலவு மட்டும் இல்லை. காட்டுப்பறவையும் புறாவும் தீனித் தட்டில் எச்சம் போட்டால் வெள்ளைக்கழிச்சல் வர வழி. அது வந்தால் ஒன்றிரண்டு போகாது, கூண்டே காலியாகும். 2017இல் கிளந்தானில் பறவைக்காய்ச்சல் வந்தபோது எத்தனை பேர் வீட்டுக் கோழியெல்லாம் அழிக்கப்பட்டது என்பது நினைவிருக்கும். தடுப்பூசி போடாமல் இருந்தால் கால்நடை இலாகாவில் கேட்டுப் போடுங்கள்.

பாலிக்புலாவ்வாசி

பழத்துக்கு நான் சொல்கிறேன். மலை அடிவாரத்தில் துரியானும் ஜாதிக்காயும் முக்கியம், கொய்யாவும் ஜம்பு ஆயரும் பக்க வருமானம்.

முதலில் வௌவால். அதை எதுவும் செய்யாதீர்கள். துரியான் பூ சாயங்காலம் விரிந்து இரவில்தான் வேலை நடக்கும், மகரந்தம் கொண்டுபோவது வௌவால். பெத்தாய் மரத்துக்கும் அதே. எங்கள் பக்கம் வௌவாலைத் துரத்தினால் அடுத்த வருஷம் காய் எண்ணிப் பார்த்து அழ வேண்டும். வேலியோரத்து இரண்டு மரம்தானே, பை போட்டால் அதுவும் தீரும்.

கொய்யாவுக்குப் பை ஒன்றுதான் வழி. பறவைக்கும் பழ ஈக்கும் சேர்த்தே தீர்வு. காய் எலுமிச்சை அளவு வந்ததும் போடுங்கள், அதற்கு மேல் விட்டால் ஈ முட்டை வைத்துவிடும், பைக்குள்ளேயே புழு வளரும். முதலில் வெள்ளை நுரைவலை, அதன்மேல் பை. ஆப்பிளுக்குப் போட்டு விற்பார்களே, அந்த நுரைவலைதான். சந்தைப் பழக்கடைக்காரர்களிடம் சும்மாவே கிடைக்கும். காய் நேரே பிளாஸ்டிக்கில் ஒட்டினால் வெந்துபோகும். பையின் இரண்டு கீழ் மூலையையும் கத்தரித்து விடுங்கள், இல்லாவிட்டால் மழைநீர் தேங்கி அடி அழுகும். வாயைக் காம்பில் கட்டாதீர்கள், காம்பு மெல்லியது, காற்றில் முறியும். காம்பு பிறக்கிற கிளையில் கட்டுங்கள்.

பை போடும்போதே காயைக் கழியுங்கள். ஒரு கொத்தில் மூன்று இருந்தால் ஒன்று போதும். அது பெரிதாக வரும், பையும் மிச்சம்.

பப்பாளிக்குப் பையெல்லாம் வேண்டாம். அடியில் ஒரு மஞ்சள் கோடு விழுந்ததும் பறித்துவிடுங்கள். உள்ளே வைத்தால் நன்றாகப் பழுக்கும், ருசி குறையாது. பெர்லிங் வருவது அரைப் பழத்துக்குத்தான், பச்சைக்காயை அது சீண்டாது. மரத்திலேயே முழுசாகப் பழுக்க விட்டுவிட்டுப் பறவையைக் குறை சொல்கிறார்கள். கெட்டுப்போன பழத்தையும் மரத்தில் விட்டுவைக்காதீர்கள். கூட்டத்தைக் கூப்பிடுவதே அதுதான். கொத்துப்பட்டதைப் பறித்துக் கோழிக்குப் போடுங்கள்.

சிடி, பொம்மை, பளபள நாடா எல்லாம் கொஞ்ச நாள்தான் உதவும். அதனால் வருஷம் முழுக்கக் கட்டிவைக்காதீர்கள். பழம் வரும் வாரங்களில் மட்டும் கட்டுங்கள், இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், பழம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அப்போது அடுத்த முறையும் பயப்படும்.

லாஸ்திக்மன்னன்

செத்த காக்கையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் வராது. இது எங்கள் தாத்தா காலத்து வழி. இதுவும் சட்ட விரோதமா?

தீம்பார்பேரன்

அதைக் கட்டினால் உண்மையிலேயே காக்கை ஒதுங்கும், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் முதலில் ஊர்க் காக்கையெல்லாம் கூடி அரைநாள் கத்தும், அக்கம்பக்கம் தாங்க வேண்டும். மைனாவுக்கும் பெர்லிங்குக்கும் அது பொருட்டே இல்லை. அதற்காகக் கொல்லவும் வேண்டியதில்லை, கறுப்பு இறகுக் கொத்து கட்டினாலும் ஓரளவு வேலை செய்யும்.

கூரைவேலை

கூரைக்குப் பதில் யாரும் சொல்லவில்லை.

கூட்டில் குஞ்சு கத்துகிறதா என்று முதலில் கேளுங்கள். கத்தினால் பறந்துபோகும்வரை விடுங்கள், மைனாக் குஞ்சு மூன்று நான்கு வாரத்தில் கிளம்பிவிடும். குஞ்சோடு அடைத்தால் உள்ளே செத்து நாறும், தாய் வெளியே நின்று தகரத்தைக் கொத்தும்.

அது போனதும் தாமதிக்காமல் கூட்டை எடுங்கள், மைனா அதே இடத்துக்கு மறுபடி வரும். எடுக்கும்போது வாய்மூடி, கையுறை போடுங்கள். காய்ந்த எச்சத்தைப் பெருக்கக் கூடாது, தூசி மூச்சில் போகும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு வழியுங்கள். கூட்டில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி இருக்கும். கூடு காலியானால் அது வீட்டுக்குள் இறங்கி ஆளைக் கடிக்கும். இரவில் காரணம் தெரியாமல் அரித்தால் மெத்தையைக் குறை சொல்லாதீர்கள், தலைக்கு மேலே பாருங்கள். கூட்டைப் பையில் கட்டி உடனே அப்புறப்படுத்திவிட்டு இடுக்கைக் கம்பிவலையால் அடையுங்கள். நுரை அடித்து அடைக்கிறார்கள், மைனா அதைக் கொத்தி எடுத்துவிடும்.

தொட்டிக்கு வரும் குழாயில் முதல் மழைநீரை வெளியே விட ஒரு கிளைக்குழாய் வையுங்கள். கொஞ்ச நேரம் கூரை கழுவிப் போனபிறகு தொட்டிக்குத் திருப்புங்கள். எப்படி இருந்தாலும் அந்தத் தண்ணீர் செடிக்கும் கழுவவும்தான், கோழிக்குக் கூட வைக்காதீர்கள்.

ஜாவிமச்சான்

இடையில் புகுந்து கேட்கிறேன். பக்கத்து நிலத்தில் கூட்டை எடுத்து விற்பதற்காகப் பறவை வீடு கட்டி, வாலட் என்கிற உழவாரக் குருவியின் சத்தத்தை ஒலிபெருக்கியில் இரவும் பகலும் போடுகிறார்கள். இதற்கு என்ன வழி?

நெறியாளர்

அது பறவைத் தொல்லை இல்லை, மனிதத் தொல்லை. தனி இழை தொடங்குங்கள்.

வால்டோர்காரன்

தம்பி, ஒட்டுக்கடைக்காரரிடம் பேசினீர்களா? மாநகர் மன்றத்துக்குப் புகார் போடுவதற்கு முன் நேரில் போய் ஒரு கோப்பி குடித்துவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே குடியிருக்கப் போகிறவர்.

ஒன்றரைஏக்கர்

பேசினேன் அண்ணே. பசியாறப் போனபோது சொன்னேன். அவருக்கும் காக்கைத் தொல்லைதான், மேசையில் வைத்த நாசி லெமாக் பொட்டலத்தையே தூக்கிப் போகிறதாம். மூடி உள்ள பெரிய தொட்டி ஒன்றைப் பாதிப் பாதிக் காசு போட்டு வாங்கலாம் என்று முடிவு. மீன் கழிவை நான் வாங்கி வாழைக்குப் புதைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அம்மா இலைக்கு ஒப்புக்கொண்டார். இடம் மாற்றத்தான் கொஞ்சம் முனகல், காக்கை வழி தெரியாமல் போய்விடும் என்கிறார்.

படையல்

வழி தெரியாமலா? நீங்கள் கூரைமேல் ஏறி வைத்தாலும் வரும்.

நாட்டுக்கோழி

வாழைக்குப் புதைக்கும்போது முழங்கால் ஆழம் தோண்டுங்கள். மேலாகப் புதைத்தால் பியாவாக் கிளறிவிடும், அந்த வாசத்துக்கு வந்தது அப்படியே கூண்டுக்கும் வரும்.

ஒன்றரைஏக்கர்

சரி, கூண்டுக்கு எதிர்ப்பக்க வாழைக்கே போடுகிறேன். கடைசியாக ஒன்று. கொய்யா முழுக்கப் பை போட ஆள் இல்லை, இருபது மரம் இருக்கிறது. ஒரு வரிசைக்கு வலை போடலாமா? புக்கிட் மெர்தாஜாம் ஹார்ட்வேர் கடையில் கறுப்பு வலை மீட்டர் கணக்கில் விற்கிறார்கள்.

பாலிக்புலாவ்வாசி

போடலாம். ஆனால் கறுப்பு வேண்டாம், வெள்ளை வாங்குங்கள். இருட்டில் வௌவாலுக்கும் பகலில் பறவைக்கும் வெள்ளைதான் கண்ணில் படும். வலைக்கண்ணின் அளவு உங்கள் சுண்டுவிரல் நுழையாதபடி இருக்கட்டும். பெரிய கண் வலையில் பறவை தலையை விட்டு மாட்டிக்கொள்ளும், அதைப் பிடிக்கப் பாம்பு வரும், பாம்பும் மாட்டும். காலையில் வலையில் சிக்கிய நாகத்தை விடுவிக்க ஆள் தேடவேண்டி வரும்.

மரத்தின்மேல் அப்படியே போர்த்தாதீர்கள், வலைக்கு வெளியிலிருந்தே கொத்தித் தின்னும். மூங்கிலோ பிவிசி குழாயோ வைத்துச் சட்டம் போட்டு, இலையைத் தொடாமல் விறைப்பாக இழுங்கள். அடியைத் தரையில் விடாமல் சுருட்டிக் கட்டுங்கள். பழம் முடிந்ததும் கழற்றி நிழலில் வையுங்கள், வெயிலில் விட்டால் ஒரு வருஷத்தில் நொறுங்கிவிடும். தினமும் காலையில் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

ஒன்றரைஏக்கர்

வெள்ளை அந்தக் கடையில் இல்லை. நிபோங் திபாலில் கேட்டுப் பார்க்கிறேன்.

வால்டோர்காரன்

ஜாவி சாலையில் விவசாயச் சாமான் கடை ஒன்று இருக்கிறது, அங்கே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும்.